ஆண்டு மலர் உரையில் சிறப்புக் குறிகளைச் சரியாகத் தட்டச்சு செய்யும் முறை

ஆண்டு மலரின் உரையைத் திருத்த உட்காருபவர் எழுத்துப் பிழைகளைத்தான் முதலில் தேடுவார். அவையெல்லாம் நீங்கிய பிறகும் சில பக்கங்கள் அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலமாகவே தெரியும். உற்றுப் பார்த்தால் காரணம் சின்னஞ்சிறு குறிகளில் இருக்கும்: மாணவர் சொன்ன வாசகத்தின் இருபுறமும் வளைவில்லாத நேர் மேற்கோள்கள், இடைக்கோட்டுக்குப் பதிலாக அடுத்தடுத்துத் தட்டிய இரண்டு சிறுகோடுகள், ஒரு வாக்கியத்தின் முடிவில் ஐந்தும் இன்னொன்றில் ஏழுமாக நீளும் புள்ளிகள், தொடர் ஓட்டத்தின் பெயரில் பெருக்கல் குறி நிற்க வேண்டிய இடத்தில் ஆங்கில எக்ஸ்.

விசைப்பலகையில் கண்ணுக்குத் தெரியாத குறியைத் தேடிப் போக நேரமின்றி, அதன் சாயலில் இருக்கும் வேறொன்றைத் தட்டிவிடுவதுதான் இவை அனைத்துக்கும் மூலம். ஆனால் கணினிக்குச் சாயல் தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு குறிக்கும் யூனிகோடு தனித்தனி எண்ணைக் கொடுத்திருக்கிறது. தேடல், அகரவரிசை, வரி முறிப்பு ஆகிய எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கின்றன. ஆகவே பார்வைக்கு ஒத்திருக்கும் குறியை விட்டு, அந்த இடத்துக்கே உரிய குறியை இடுவது என்பதைத் தொடக்கத்திலேயே குழுவின் விதியாக வைத்துக்கொள்வது நல்லது.

தட்டுவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவை

மலர்க் குழுவில் பலர் தட்டச்சு செய்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் இருக்கும். அரைப் பக்க அளவில் ஒரு நடைக் குறிப்பை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் பின்னால் வரும் திருத்த வேலையில் பெரும்பகுதி குறைந்துவிடும். மேற்கோளுக்கு வெளியே இரட்டைக் குறி, அதற்குள் வரும் மேற்கோளுக்கு ஒற்றைக் குறி என்று ஒரு வரி; ஆண்டு இடைவெளிக்கும் ஆட்ட எண்ணிக்கைக்கும் இருபுறமும் இடம் விடாத நடுத்தரக் கோடு, அதாவது 2023–2026, 3–2 என்பதுபோல், என்று ஒரு வரி; வகுப்பைக் குறிக்க 10ஆம் என்பதா, 10-ஆம் என்பதா, 10வது என்பதா என்று ஒரு வரி. வகுப்புக்கான இந்த மூன்று வடிவங்களில் எதைத் தேர்ந்தாலும் குற்றமில்லை, மூன்றும் ஒரே பக்கத்தில் வருவதுதான் குற்றம்.

வாக்கியத்தின் நடுவே எண்ணத்தை முறிக்கும் கோடு பற்றி மட்டும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில அச்சில் இருபுறமும் இடம் விடாமல் நீண்ட கோட்டை இடும் வழக்கம் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரண்டு நீண்ட சொற்களை இடைவெளியில்லாக் கோட்டால் கட்டினால் மலரின் குறுகிய பத்திகளில் அந்தக் கட்டு முழுவதும் அடுத்த வரிக்குத் தாவி, முந்தைய வரியைக் காற்றாடவிடும். இருபுறமும் இடம் விட்ட நடுத்தரக் கோடு – இதுபோல – தமிழ்ப் பத்திக்குப் பொருந்துகிறது. நீண்ட கோட்டை, வாசகத்துக்குக் கீழே அதைச் சொன்னவரின் பெயருக்கு முன் இடுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் கணினியில்

எண் பலகை தனியாக உள்ள விசைப்பலகை இருந்தால் பழைய வழியே இன்றும் உறுதியானது. நம்லாக் விளக்கு எரிய வேண்டும். உள்ளீட்டு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி வலப்புற எண் பலகையில் நான்கு இலக்கங்களைத் தட்டி, பிறகு ஆல்ட்டிலிருந்து விரலை எடுத்தால் குறி விழும். மேல் வரிசை எண்களால் இது நடக்காது. ஆண்டு மலருக்கு உண்மையில் தேவைப்படுபவை கொஞ்சம்தான்:

“ 0147, ” 0148, ‘ 0145, ’ 0146
– 0150, — 0151, … 0133, • 0149
× 0215, ° 0176, ² 0178
¼ 0188, ½ 0189, ¾ 0190, © 0169

முன்னால் நிற்கும் பூச்சியத்தை விட்டுவிடக் கூடாது. 0169 என்று தட்டினால் பதிப்புரிமைக் குறி வரும். பூச்சியமின்றி 169 என்று தட்டினால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பட்டியலிலிருந்து சம்பந்தமில்லாத வேறொரு குறி வந்து நிற்கும். இந்தப் பட்டியலை அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்பவர்கள் ஓரிரு வாரங்களில் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள், விரலுக்குப் பழகிவிடும்.

எண் பலகை இல்லாத மடிக்கணினியில் விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு முற்றுப்புள்ளியைத் தட்டலாம். எமோஜிப் பலகை திறக்கும். அதிலேயே குறிகளுக்கென ஒரு பிரிவு இருக்கிறது, கோடுகளும் மேற்கோள்களும் பின்னங்களும் அங்கே கிடைக்கும். இன்னும் அரிதான குறி வேண்டுமானால், தொடக்கப் பட்டியலில் ‘கேரக்டர் மேப்’ என்ற பழைய கருவி உண்டு. அதில் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் அந்த எழுத்துருவில் உண்மையாகவே இருக்கும் குறிகளை மட்டும் காட்டும் என்பது அதன் தனிச் சிறப்பு.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் இன்னொரு வழி இருக்கிறது. குறியின் யூனிகோடு எண்ணைத் தட்டி, உடனே ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் எண் குறியாக மாறும். 2013 நடுத்தரக் கோடு, 2014 நீண்ட கோடு, 2019 வலப்புற ஒற்றை மேற்கோள், 2026 முப்புள்ளி. ஆண்டு மலரில் இவை ஆண்டுகள்போலவே தெரிவதால் ஓர் எச்சரிக்கை தேவை: ‘2026’ என்று ஆண்டைத் தட்டிவிட்டுக் கை தவறி அந்த இரு விசைகளையும் அழுத்தினால் ஆண்டு மறைந்து மூன்று புள்ளிகள் நிற்கும். அதே விசைகளை மீண்டும் அழுத்தினால் எண் திரும்பிவிடும். இந்தத் திரும்பும் குணத்தைச் சோதனைக்கும் பயன்படுத்தலாம்; சந்தேகத்துக்குரிய ஒரு குறியின் வலப்புறம் சுட்டியை வைத்து ஆல்ட்டும் எக்ஸும் அழுத்தினால் அது உண்மையில் எந்தக் குறி என்பதை எண்ணே சொல்லிவிடும்.

மேக், லினக்ஸ், கைபேசி

மேக் கணினியில் எண்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆங்கில விசைப்பலகை இயங்கும்போது ஆப்ஷன் விசையுடன் சிறுகோட்டு விசையைத் தட்டினால் நடுத்தரக் கோடு, ஷிஃப்ட்டையும் சேர்த்தால் நீண்ட கோடு. ஆப்ஷனுடன் இடச் சதுர அடைப்பு, இரட்டை மேற்கோளைத் திறக்கும். ஷிஃப்ட்டுடன் சேர்த்தால் மூடும். வலச் சதுர அடைப்பு ஒற்றை மேற்கோளுக்கு அதே வேலையைச் செய்யும். ஆப்ஷனும் அரைப்புள்ளி விசையும் முப்புள்ளி; ஆப்ஷனும் 8உம் பட்டியல் புள்ளி; ஆப்ஷனும் ஜியும் பதிப்புரிமைக் குறி. மற்றவை எல்லாவற்றுக்கும் கண்ட்ரோல், கமாண்ட், இடைவெளிப்பட்டை மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குறிப்பலகை திறக்கும். தமிழ் விசைப்பலகை இயங்கும்போது ஆப்ஷன் விசைக்கு வேறு வேலைகள் இருக்கக்கூடும் என்பதால் மொழியை மாற்றிக்கொண்டு தட்டுவதே நல்லது.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குப் பெரும்பாலான நிரல்களில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் அழுத்தி, 2014 போன்ற யூனிகோடு எண்ணைத் தட்டி, என்டர் கொடுத்தால் போதும். கைபேசியில் விசையை நீட்டி அழுத்துவதுதான் வழி: சிறுகோட்டின் மேல் விரலை வைத்திருந்தால் இரு வகைக் கோடுகளும், மேற்கோளின் மேல் வைத்திருந்தால் வளைந்த மேற்கோள்களும், ஐபோனில் பூச்சியத்தின் மேல் வைத்திருந்தால் பாகைக் குறியும் எழும்.

ரோமன் எழுத்தில் அச்சிடும் பெயர்ப் பக்கங்களில், தலைக்கு மேல் சாய்கோடோ அலைக்கோடோ இரட்டைப் புள்ளியோ கொண்ட எழுத்துகள் வரலாம். மேக்கிலும் கைபேசியிலும் அந்த உயிரெழுத்து விசையையே நீட்டி அழுத்தினால் வடிவங்கள் வரிசையாக வரும். சாய்கோட்டை விட்டுவிட்டால் அது பெயர்ப் பிழைதான். பெயருக்கு உரியவர் எழுதும் வடிவத்தைக் கேட்டு வாங்கி அப்படியே இட வேண்டும்.

வேர்டின் உதவியும் குறுக்கீடும்

நேர் மேற்கோளைத் தட்டும்போதே வளைந்ததாக மாற்றும் வசதி வேர்டில் இருக்கிறது. ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் பெட்டியில் ‘ஸ்மார்ட் கோட்ஸ்’ என்ற பெயரில் அதைக் காணலாம். கைபேசிச் செய்தியிலிருந்து நகலெடுத்து ஒட்டிய உரைக்கு அது தானாக உதவாது, ஏனெனில் அது தட்டும்போதுதான் வேலை செய்யும். அதற்கு ஒரு சிறு உத்தி போதும்: மாற்றுப் பெட்டியில் தேடும் இடத்திலும் மாற்றும் இடத்திலும் அதே இரட்டை மேற்கோளைத் தட்டி எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், ஸ்மார்ட் கோட்ஸ் இயங்கும் நிலையில், கோப்பு முழுவதும் வளைந்த மேற்கோள்களாகிவிடும். ஒற்றை மேற்கோளுக்கும் ஒருமுறை அதையே செய்யலாம்.

இந்த வசதி தவறாமல் தவறும் ஓர் இடம் உண்டு. ஆண்டின் முதல் இரு இலக்கங்களை விட்டு ’26 என்று எழுதும்போது முன்னால் நிற்க வேண்டியது, எழுத்து விடுபட்டதைக் காட்டும் வலப்புறக் குறி. வேர்டோ அதை மேற்கோளின் தொடக்கம் என்று எண்ணி ‘26 என்று திருப்பிப் போட்டுவிடும். அட்டையிலும் வகுப்புப் படத் தலைப்பிலும் பெரிய எழுத்தில் வரும் குறி என்பதால் இந்தத் தலைகீழ் குறி எடுப்பாகத் தெரியும். எண் பலகையில் 0146 தட்டினால் சரியான குறி நேராக விழும். அல்லது கண்ட்ரோலுடன் ஒற்றை மேற்கோளை ஒருமுறை அழுத்தி, கையை எடுத்து, அதே விசையை மறுபடி தட்டலாம்.

அடிக்கடி வரும் குறிகளுக்கு ஆட்டோகரெக்டில் சொந்தச் சுருக்கங்களைப் பதிந்து வைப்பதும் பயனுள்ளது. ஒரு சொல்லிலும் இயல்பாக வராத சேர்க்கையைச் சுருக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மேக்கிலும் ஐபோனிலும் ‘டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்’ என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது.

முதலெழுத்தும் பெயரும் பிரியாமல்

ஆண்டு மலரில் மற்ற எந்த நூலிலும் இல்லாத அளவுக்குப் பெயர்கள் நிறைந்திருக்கும்; அவற்றில் பெரும்பாலானவை முதலெழுத்தும் புள்ளியும் கொண்டவை. ‘கு. மலர்விழி’ என்ற பெயரில் ‘கு.’ ஒரு வரியின் கடைசியிலும் ‘மலர்விழி’ அடுத்த வரியின் முதலிலும் நின்றால் படிப்பவர் தடுமாறுவார். இரண்டுக்கும் நடுவே வழக்கமான இடைவெளிக்குப் பதில் முறியா இடைவெளியை இட வேண்டும். வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், இடைவெளிப்பட்டை மூன்றும் சேர்ந்து அதைத் தரும். மேக்கில் ஆப்ஷனும் இடைவெளிப்பட்டையும். விண்டோஸில் பிற இடங்களில் ஆல்ட் 0160. எண்ணுக்கும் அதன் அலகுக்கும் நடுவிலும், ‘4 × 100 மீ’ போன்ற தொடர்களிலும் இதுவே பயன்படும்.

10-ஆம் என்று எழுதும் குழுவுக்கு முறியாச் சிறுகோடும் தேவைப்படும். இல்லாவிட்டால் ‘10-’ மேலேயும் ‘ஆம்’ கீழேயுமாகப் பிரியும். வேர்டில் அது கண்ட்ரோல், ஷிஃப்ட், சிறுகோடு. பல எழுத்துருக்களில் இந்தக் குறிக்கு வடிவம் இல்லாததால் அது வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கப்பட்டு, பக்கத்துக் கோடுகளைவிடத் தடித்தோ மெலிந்தோ தெரிவதுண்டு. சிறுகோடே இல்லாத ‘10ஆம்’ என்ற வடிவத்தை நான் விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

பக்கம் கட்டும் நிரலுக்கு உரை போன பிறகும் இவை அப்படியே இருக்கின்றனவா என்று ஒரு பக்கத்திலாவது பார்க்க வேண்டும். ஒட்டும்போது சில இணையக் கருவிகள் முறியா இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக்கிவிடும்.

தமிழுக்கே உரிய குறிகளும் இரட்டையர்களும்

கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இது. அட்டையில் தமிழ் எண்களைப் போட விரும்பும் குழுக்கள் பல. விசைப்பலகையில் அவை உடனே அகப்படாததால் ௧ என்பதற்குக் க, ௨ என்பதற்கு உ, ௪ என்பதற்குச் ச, ௭ என்பதற்கு எ, ௮ என்பதற்கு அ என்று எழுத்துகளையே தட்டிவிடுவார்கள். அட்டையில் 2026ஐப் பெரிதாக அச்சிடும்போது வேறுபாடு தெரிந்துவிடும்: பல எழுத்துருக்களில் ‘௨’ எண்ணாக ஒரு வடிவமும் ‘உ’ எழுத்தாகச் சற்றே வேறொரு வடிவமும் கொண்டிருக்கும், உயரமும் அகலமும் ஒத்துவராது. மின்பதிப்பில் தேடுபவருக்கும் திரைபடிப்பானில் கேட்பவருக்கும் அது எண்ணாகவே வராது.

வேர்டில் இதைத் தட்டுவது எளிது. ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண் பலகையில் 3046 என்றால் ௦, 3047 என்றால் ௧. அப்படியே ஒவ்வொன்றாக ஏறி 3055இல் ௯ வரும். அதன் தொடர்ச்சியாக 3056 பத்துக்கான ௰, 3057 நூறுக்கான ௱, 3058 ஆயிரத்துக்கான ௲. இரண்டு முறைகளில் எதில் எழுதுவது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இன்றைய இடமதிப்பு முறையில் 2026 என்பது ௨௦௨௬. பழைய முறையில் அது ௨௲௨௰௬. தமிழ்ப் பூச்சியமான ௦ யூனிகோடில் 2005இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் உருவான எழுத்துருக்களில் அந்த இடத்தில் வெறும் கட்டம் தெரியலாம்.

அடுத்த சில எண்களில் நாட்குறிப்புக் குறிகள் இருக்கின்றன: 3059 நாளுக்கான ௳, 3060 மாதத்துக்கான ௴, 3061 ஆண்டுக்கான ௵, 3064 மேற்படி என்பதற்கான ௸. ஆண்டு நிகழ்ச்சிகளின் காலவரிசைப் பக்கத்துக்கு ௵ அழகான அணி. ஆனால் இன்றைய மாணவரில் பலருக்கு அது என்ன குறி என்று தெரியாது. எனவே தலைப்பில் அலங்காரமாக ஒருமுறை போதும், வாக்கியத்துக்குள் ‘ஆண்டு’ என்றே எழுதலாம். அரை, கால், மா, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு வடிவம் கொண்ட எழுத்துருக்கள் இன்னும் குறைவு என்பதால் ஆண்டு மலரில் அவற்றை நம்பி இறங்க வேண்டாம்.

பெயர் அட்டவணையைக் குலைக்கும் இரட்டையர்கள் தனிக் கதை. ‘ஔ’ ஒரே எழுத்து. ஔவை என்ற பெயரை ஒ, ள என்று இரண்டாகத் தட்டி ‘ஒளவை’ என்று போட்டால் கண்ணுக்கு ஏறத்தாழ அதே உருவம்தான். அகரவரிசையிலோ அந்தப் பெயர் ஒகர வரிசைக்குப் போய்விடும், சரியாகத் தேடுபவருக்குக் கிடைக்காது. சோதிக்க எளிய வழி உண்டு: பெயருக்கு முன் சுட்டியை வைத்து வலப்புற அம்பு விசையை ஒருமுறை தட்டினால் சுட்டி முழு ‘ஔ’வையும் தாண்ட வேண்டும், நடுவில் நின்றால் அது போலி.

ஸ்ரீ இன்னும் நுட்பமானது. அதே கூட்டெழுத்தை ஸ் என்பதிலிருந்தும் உருவாக்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ் என்பதிலிருந்தும் உருவாக்கலாம். ஸ்ரீ, ஶ்ரீ இரண்டும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். ஒரு வகுப்பின் பட்டியலைத் தட்டியவர் ஒரு விசைப்பலகையையும் மற்றொரு வகுப்பின் பட்டியலைத் தட்டியவர் வேறொன்றையும் பயன்படுத்தியிருந்தால், இப்பெயர் கொண்டவர்கள் அட்டவணையில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பார்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவதே வழி. புழக்கத்தில் அதிகம் இருப்பது ஸ் வடிவம் என்பதால் நான் அதையே தேர்வேன்.

‘க்’ என்பதை அடுத்து ‘ஷ’ வந்தால் கணினி தானாகவே க்ஷ என்ற கூட்டெழுத்தை உருவாக்கும். லக்ஷ்மிக்கு அது சரி. ‘ரிக்‌ஷா’ என்பதுபோல் இரண்டும் தனித்தனியே தெரிய வேண்டிய இடத்தில், க் என்பதற்கும் ஷா என்பதற்கும் நடுவே அகலமில்லாத பிரிப்புக் குறியை இட வேண்டும். வேர்டில் ஆல்ட் 8204. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறியைத் தேவைப்படும் சொல்லைத் தவிர வேறெங்கும் விட்டுவைக்கக் கூடாது. இணையத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் அது ஒட்டிக்கொண்டு வந்து, சரியாக இருக்கும் பெயரையும் தேடலில் அகப்படாமல் செய்துவிடும்.

பழைய எழுத்துருக் கோப்புகள்

முந்தைய ஆண்டு மலர்களின் கோப்பையே அச்சாக வைத்து வேலை தொடங்கும் வழக்கம் இருந்தால், அது யூனிகோடு எழுத்துருவில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலும், தாப், தாம், திஸ்கி என்ற பழைய குறியீட்டு முறைகளின் எழுத்துருக்களில் 128க்கு மேற்பட்ட எண்களிலும் அமர்ந்திருக்கும். மேலே கொடுத்தவற்றில் பூச்சியத்தில் தொடங்கும் ஆல்ட் எண்கள் எல்லாம் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. அதனால்தான் அத்தகைய சில எழுத்துருக்களில் 0151 என்று தட்டும்போது கோட்டுக்குப் பதில் ஏதோ ஒரு தமிழ் எழுத்து வந்து விழுகிறது. குறியை மட்டும் வேறு எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டுப்போடுவதைவிட, உரை முழுவதையும் ஒரு மாற்றி நிரல் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு குறிகளைச் சீர்செய்வது மேல். மாற்றிய பிறகு மேற்கோள்களையும் கோடுகளையும் புதிதாக ஒருமுறை பார்க்க வேண்டும். மாற்றிகள் அதிகம் தடுக்கி விழுவது அவற்றில்தான்.

பெயர்ப் பட்டியலை ஏற்றும்போது

மாணவர் பெயர்களை எக்செலில் தொகுத்து, சிஎஸ்வி எனப்படும், காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக்கி, பக்கம் கட்டும் நிரலில் ஏற்றுவது வழக்கம். சேமிக்கும்போது வெறும் ‘சிஎஸ்வி’யைத் தேர்ந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், அந்தக் கோப்பிலிருந்து பெயர்களை மீட்கவும் முடியாது. யூனிகோடு உரையை அப்படியே காக்கும் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று தனியாக இருக்கும் வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மறுபுறம், யுடிஎஃப்-8 கோப்பை ஏற்றும் நிரல் அதைப் பழைய விண்டோஸ் குறியீடு என்று எண்ணிவிட்டால் வளைந்த மேற்கோள் இருந்த இடத்தில் தொப்பி போட்ட ஆங்கில எழுத்து ஒன்றும், யூரோ குறியும், வணிகக் குறியும் சேர்ந்து €™ என்று முடியும் ஒரு கொத்து தோன்றும். அதைப் பார்த்தால் கையால் ஒவ்வொன்றாகத் திருத்தப் போகாமல், ஏற்றும் பெட்டியில் குறியீட்டு முறையை மாற்றி மறுபடி ஏற்ற வேண்டும்.

அலங்காரக் குறிகள்

விண்மீன், இதயம், அம்பு போன்றவற்றை அளவோடு இடலாம்: ★ 2605, ♥ 2665, → 2192, ✓ 2713 என்ற எண்களை வேர்டில் ஆல்ட்டும் எக்ஸும் குறியாக்கும். இவற்றில் ♥ போன்றவை சில கருவிகளில் வண்ண எமோஜியாக மாறித் தெரியும். கறுப்பு மையில் அச்சாகும் பக்கத்தில் எதிர்பாராத சாம்பல் நிறப் பொம்மையாக அவை வந்து நிற்கும். மாணவர் வாசகங்களில் வரும் எமோஜிகளை அப்படியே ஒட்டினால் அச்சகத்துக்குப் போகும் கோப்பில் அவை காணாமல் போகவோ வடிவம் மாறவோ கூடும். எமோஜி வேண்டியே தீரும் என்றால் படமாக இடுவதே பாதுகாப்பு.

இணையத்தில் ‘அழகு எழுத்து’ உருவாக்கித் தரும் கருவிகளிலிருந்து வரும் வளைந்து நெளிந்த ரோமன் எழுத்துகளை ஏற்கவே வேண்டாம். அவை உண்மையில் கணிதத்துக்காக யூனிகோடில் இடம்பெற்ற குறிகள். பக்கத்தின் எழுத்துருவில் அவற்றுக்கு வடிவம் இருக்காது, பெயரைத் தேடினாலும் அகப்படாது. சாதாரண எழுத்தில் மறுபடி தட்டி, அழகை எழுத்துருத் தேர்வால் கொண்டுவரலாம்.

அச்சகத்துக்கு அனுப்புமுன்

வேர்டில் உரை இருக்கும்போதே தேடல் பெட்டியை வைத்து ஒரு சுற்று வரலாம். ^034 என்று தேடினால் நேர் இரட்டை மேற்கோள்கள் மட்டும், ^039 என்று தேடினால் நேர் ஒற்றை மேற்கோள்கள் மட்டும் அகப்படும்; சாதாரணமாகத் தேடினால் வளைந்தவையும் சேர்ந்தே வந்து குழப்பும். ^+ நீண்ட கோட்டையும் ^= நடுத்தரக் கோட்டையும் காட்டும். அடுத்தடுத்த இரு சிறுகோடுகள், அடுத்தடுத்த இரு முற்றுப்புள்ளிகள், அடுத்தடுத்த இரு இடைவெளிகள், முற்றுப்புள்ளிக்கு முன் வரும் இடைவெளி என இவற்றையும் தேடித் தீர்க்க வேண்டும்.

அடோபி இன்டிசைனில் பக்கம் கட்டினால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அங்கே குறிகளைச் சேர்க்க ‘கிளிஃப்ஸ்’ பலகை இருக்கிறது. எழுத்துருவில் உள்ள ஒவ்வொரு வடிவத்தையும் கண்ணால் பார்த்து இரட்டைச் சொடுக்கில் இடலாம்.

இறுதியாகப் பிடிஎஃப் கோப்பை அடோபி ரீடரில் திறந்து, கோப்பின் பண்புகளில் ‘ஃபான்ட்ஸ்’ பிரிவைப் பார்க்க வேண்டும். நீங்கள் தேர்ந்த இரண்டு மூன்று எழுத்துருக்களின் பெயர்கள் மட்டும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கோப்புக்குள் பொதிந்திருப்பதைக் காட்டும் ‘எம்பெடட்’ என்ற குறிப்போடு இருந்தால் சரி. அறிமுகமில்லாத எழுத்துரு ஒன்று அங்கே எட்டிப்பார்த்தால், எங்கோ ஒரு குறிக்கு உங்கள் எழுத்துருவில் வடிவம் இல்லாமல் வேறிடத்திலிருந்து கடன் வாங்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இன்டிசைனின் ‘ஃபைண்ட்/ரீப்ளேஸ் ஃபான்ட்’ பெட்டியில் அந்தப் பெயரைத் தேர்ந்து தேடச் சொன்னால் குற்றவாளி நிற்கும் பக்கத்துக்கே கொண்டுபோய் விடும். பெரும்பாலும் அது ஒரு முறியாச் சிறுகோடாகவோ, யாரோ ஒட்டிய விண்மீனாகவோ, எப்படி வந்தது என்றே தெரியாத ஓர் இடைவெளியாகவோ இருக்கும்.